எழுதியது இருக்கிறது, எழுத்து எங்கே?

ஓய்வு பெற்றவனிடம் உடம்பு எப்படி என்று கேட்பார்கள். என்னிடம் யாரும் அதைக் கேட்பதில்லை. போனை எடுத்தால், "ஐயா, பதினொன்னு போடலாமா?" என்றுதான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளின் பத்தாவது பதிப்புக்குக் காலம் முடிகிறது, உடனே பதினோராவதுக்கு மாறுங்கள் என்று வீட்டுக் கம்ப்யூட்டர்களின் திரையில் நீலப் பெட்டி ஒன்று வந்து குந்திக்கொண்டதிலிருந்து இந்தத் தொல்லை. நான் வேலை பார்த்த தேயிலைத் தோட்ட ஆபீசில் இப்போது இருக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். பதுளை பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா கேட்கிறார். எல்லோருக்கும் முதல் பதில் ஒன்றுதான்: போடாதே. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் பேசுவேன்.

முன்பின் தெரியாத ஒருவன் வாசலில் வந்து நின்று, காசு வேண்டாம், புதுசு தருகிறேன், இப்போதே வாங்கிக்கொள், இல்லாவிட்டால் உனக்கு ஆபத்து என்று அவசரப்படுத்தினால் நீங்கள் கதவைத் திறப்பீர்களா? திரையில் வந்தால் மட்டும் ஏன் உடனே 'சரி'யை அமுக்குகிறீர்கள்? இதைக் கேட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் மனைவி சரசுவும் அந்தக் கட்சிதான். தபால்காரனிடமே அடையாள அட்டை கேட்ட மனுசன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அவன் புது ஆள்.

இந்தக் குணம் பிறவியில் வந்ததில்லை, உத்தியோகத்தில் வந்தது. பதுளையில் தமிழ் டைப்ரைட்டிங் படித்துவிட்டு, லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீசில் தட்டச்சாளராகச் சேர்ந்தேன். பிறகு டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. விசைகளின் இடம் ஏறக்குறைய அதேதான் என்பதால் என் விரல்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நாற்காலி மாறாமல் கம்ப்யூட்டர் கிளாக்கர் ஆனேன். படிப்பு, பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான். மிச்சத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் பெரிய கிளாக்கர் வேலாயுதம் ஐயா.

அவரைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். ஒன்று யாராவது கேட்டால் கொடுக்க, மற்றது கையெழுத்துப் போட. இரண்டையும் மாற்றிக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. மேசை இழுப்பறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, நாலடி நடந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பார். பங்களாவிலிருந்து தோட்டத் தொரை போனில் ஏதாவது உத்தரவு சொன்னால், "சரிங்க சார்" என்று வைத்துவிடுவார். உடனே பங்களாவுக்கு இவராகப் போன் போட்டு, இப்போது பேசியது தாங்கள்தானா என்று கேட்பார். ஆரம்பத்தில் தொரைக்குக் கோபம் வந்ததாம். யாரோ தொரையின் குரலில் பேசி ஆபீசிலிருந்து லொறி ஒன்றைக் கிளப்பிக்கொண்டு போகப் பார்த்த பிறகு, அவரே போனுக்குப் பக்கத்தில் காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு முறை கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்கள் கம்ப்யூட்டரில் பெரிய அப்டேட் ஒன்றைப் போட வேண்டுமாம். வேலாயுதம் ஐயா அவரை உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்து, அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள் உள்ளே போய்க் கொழும்புக்குப் போன் போட்டு, இப்படி ஒருவரை அனுப்பியது உண்மையா என்று கேட்டுவிட்டு வந்தார். பிறகு கிராம்பு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, மிகப் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்.

"போறதுக்கு வழி இருக்கு, சரிங்க சார். திரும்பி வர வழி இருக்குங்களா?"

திரும்பி வரத் தேவை இருக்காது என்றார் அதிகாரி. ஐயா தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். எல்லாவற்றையும் நகல் எடு என்றார். எடுத்தேன். எடுத்துவிட்டேன் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எடுத்தேன்னு வாயால சொல்லாத தம்பி. எடுத்ததத் தொறந்து காட்டு. இந்த மிசின்ல இல்ல, வேற மிசின்ல."

தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்வரை நடந்தோம். அதிகாரியும் சப்பாத்தில் சேறு படப் பின்னால் வந்தார். நான் ஒவ்வொன்றாகத் திறக்க, ஐயா என் தோளுக்குப் பின்னால் நின்று கிராம்பைக் கடித்தபடி பார்த்தார். அவருக்குத் திருப்தியான பிறகுதான் அப்டேட் ஆரம்பித்தது. பாதி வழியில் மழை இறங்கி, கரண்ட் போயிற்று. கரண்ட் திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் திரும்பி வரவில்லை. அந்த மாதம் தோட்டத்துச் சனங்களுக்குச் சம்பளம் போட்டது அந்த நகலை வைத்துத்தான். அதிகாரி இன்னொரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். ஐயா அதைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து அவர் முறைதான் என் முறை. இன்றும் யார் வீட்டுக்கு அப்டேட் போடப் போனாலும் முதலில் வெளியே நின்று நமுனுகுல மலையைப் பார்ப்பேன். உச்சியில் மேகம் இறங்கியிருந்தால் வந்த வழியே திரும்பிவிடுவேன், எப்படியும் கரண்ட் போகும். மலை தெளிவாக இருந்தால் நகல் எடுப்பேன். நகலை என்னுடைய மடிக்கணினியில் திறந்து வீட்டுக்காரருக்குக் காட்டுவேன். அந்தக் கம்ப்யூட்டர் புதுப் பதிப்பைத் தாங்குமா என்று பார்ப்பேன். பழைய மிசின் என்றால் அதுவே தாங்காது என்று சொல்லும், அதை மீறிப் போட மாட்டேன். பழையதுக்குத் திரும்பிப் போகச் சில நாள் தவணை உண்டு. அந்தத் தவணை முடியுமுன் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். ஒருவரும் பார்ப்பதில்லை.

இவ்வளவு தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ளும் என்னையே திணற வைத்தது கோகிலாவின் கம்ப்யூட்டர்.

கோகிலா லுணுகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருக்கிறாள். புருசன் கட்டாரில் வேலை செய்கிறான். தொழிலாளர் லயத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய சின்ன வீட்டில், முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் பிரின்டரும் வைத்துக்கொண்டு தோட்டத்துச் சனங்களுக்கு டைப் அடித்துக் கொடுக்கிறாள். கல்யாணக் கார்டு, காதுகுத்துக் கார்டு, மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ், ஆபீசுகளுக்குக் கொடுக்கும் ஆங்கில விண்ணப்பங்கள், எல்லாம் செய்வாள். ஒவ்வொன்றுக்கும் அவளே உட்கார்ந்து வடிவமைத்த மாதிரிகள் உண்டு. அவளுடைய தொழில் அந்த மாதிரிகள்தான்.

அவள் புருசனின் தம்பி ராஜன். கொழும்பில் ஒரு கடையில் வேலை. லீவுக்கு வந்தால் அண்ணன் வீட்டில்தான் தங்குவான், அவனுக்கு வேறு வீடு கிடையாது. அந்த நீலப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து எரிச்சலான கோகிலா, இதற்கு ஒரு வழி பண்ணுங்கள் என்று அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவனும் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு டவுனுக்குப் போய், ஒரு கடையில் புதுப் பதிப்பு போட்டுக்கொண்டு வந்தான். வந்து திறந்தால், அவள் தமிழில் செய்து வைத்திருந்த ஒவ்வொன்றும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகக் கிடந்தன. கடைக்குப் போன் போட்டால் வைரஸ் என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார்கள்.

எனக்குச் செய்தி வந்து, பதுளையிலிருந்து பசறை வழியாகப் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. ராஜன் வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். கோகிலா உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள். அழுது முடித்த முகம்.

அவள் என்னை உள்ளே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னது இது. ராஜனின் கூட்டாளி ஒருவன் லுணுகலை டவுனில் டைப் கடை திறக்கப் போகிறானாம். கோகிலாவின் மாதிரிகளை அவனுக்குக் கொடுக்க முடியுமா என்று ராஜன் போன லீவில் கேட்டானாம். அவள் முடியாது என்றாளாம். இப்போது அவன் கையால் கம்ப்யூட்டர் டவுனுக்குப் போய் வந்ததும் இப்படி.

"இங்கிலீஷ்ல செஞ்சதெல்லாம் அப்படியே இருக்குங்க ஐயா. தமிழ்ல செஞ்சது மட்டும் போயிருக்கு. வைரசுக்குத் தமிழ் எது, இங்கிலீஷ் எதுன்னு தெரியுமா? மனுசனுக்குத்தானே தெரியும்."

மாதிரிகளைக் கூட்டாளிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, ராஜன் இங்கே இருப்பதைக் கெடுத்து வைத்திருக்கிறான் என்கிறாள். ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் பறிக்கும் வைரஸ் என்றால் பணம் கேட்டு ஒரு அறிவிப்பு இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. அப்படியென்றால் ஆள்தான். எனக்கு உள்ளுக்குள் வேலாயுதம் ஐயா கிராம்பைக் கடிக்கத் தொடங்கிவிட்டார்.

ராஜனைக் கூப்பிட்டு விசாரித்தேன். எந்தக் கடை, யார் வாங்கியது, கம்ப்யூட்டர் உள்ளே போனபோது நீ எங்கே நின்றாய், கூட்டாளி கூட வந்தானா. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான், தலையை நிமிர்த்தவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. கடைசியில் பையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவன் அண்ணியைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பையை எடுத்து வந்து அவனே என் முன்னால் கொட்டினான். இரண்டு சட்டை, ஒரு துவாய், போன் சார்ஜர், ஒரு பென் டிரைவ். பென் டிரைவில் பாட்டுகள் மட்டுமே இருந்தன. களவெடுத்தவன் அதைப் பையிலா வைத்திருப்பான் என்று அப்போதும் நினைத்தேன்.

"நான் வித்துட்டேன்னு நெனைக்கிறீங்களா அண்ணி?" என்று ராஜன் கேட்டான்.

"வேற என்னத்த நெனைக்கச் சொல்றீங்க?" என்றாள் கோகிலா.

அவன் துணிகளைத் திரும்பப் பையில் அடைத்துக்கொண்டு மறுபடி படிக்கே போய்விட்டான்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தேர்த் திருவிழாவுக்காக அவள் செய்திருந்த அம்மன் கோயில் நோட்டீஸ் திறந்திருந்தது. அலங்கார வளைவும் குத்துவிளக்குப் படமும் இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக இருந்தன. எழுத்துகள் மட்டும் குப்பை. விசைப்பலகையாவது வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்தத் தலைப்புக்குக் கீழேயே டைப் அடித்தேன். எந்த மிசினைத் தொட்டாலும் நான் முதலில் அடிப்பது "அம்மன் துணை". டைப்ரைட்டர் காலத்துப் பழக்கம், விரல் தானாகப் போகும். திரையில் எம் என்ற ஆங்கில எழுத்து விழுந்தது. கே விழுந்தது. ஒரு அரைப்புள்ளி. மறுபடி கே. மேலே பார்த்தேன். நோட்டீஸின் தலைப்பிலும் எம், கே, அரைப்புள்ளி, கே.

அவள் டைப் அடிப்பது பாமினி என்ற பழைய எழுத்துருவில். இலங்கையில் தமிழ் டைப் அடித்தவர்களில் பாதிப் பேர் அதில்தான் அடித்திருப்பார்கள். அதில் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் வைத்திருப்பது ஆங்கில எழுத்தைத்தான். எம் என்பதை 'அ' என்றும் கே என்பதை 'ம' என்றும் அரைப்புள்ளியை மேலே வைக்கும் புள்ளி என்றும் காட்டுவது எழுத்துரு. அது கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் அம்மனும் தெரிய மாட்டாள், துணையும் தெரியாது. டவுன் கடைக்காரர் பழையதைத் துடைத்துவிட்டுப் புதுசைப் போட்டிருக்கிறார். அதற்கு முன் அவள் ஃபைல்களை எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துத் திரும்பப் போட்டிருக்கிறார். எழுத்துருவை மட்டும் எடுக்கவில்லை. நானும் அதே எழுத்துருவில் அத்தனை வருடம் சுற்றறிக்கை அடித்தவன். என் விரல்களுக்குத் தெரிந்திருந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஆபீசில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் பாமினி இருந்ததால் அதை இந்தக் கோலத்தில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"எழுதினது எல்லாம் இருக்கும்மா. எழுத்தத்தான் எடுக்காம விட்டுட்டாங்க" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. என் பென் டிரைவில் எழுத்துரு இருந்தது, என்னைப் போன்றவன் பையில் எல்லாமே இருக்கும். அதைப் போட்டு நோட்டீஸை மூடித் திறந்தேன். அம்மன் வந்தாள். கல்யாணக் கார்டு வந்தது. காதுகுத்து, மரண அறிவித்தல், ஒன்று விடாமல் எல்லாம் வந்தன. கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒன்றும் காணாமல் போகவில்லை, ஒருவரும் எதையும் விற்கவில்லை.

ராஜனைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசற்படியில் நின்றபடியே பார்த்தான். நல்லது என்றான். கோகிலா சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்று மட்டும் சொன்னாள். அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டான். நானும் அவனும் ஒரே பஸ்ஸில்தான் பதுளைக்கு இறங்கினோம். சமாதானமாக ஏதாவது சொல்லலாம் என்று, அப்டேட் போட்டாலும் பழையதுக்குத் திரும்பிப் போகத் தவணை உண்டு எனக் கம்ப்யூட்டர் பேச்சில் ஆரம்பித்தேன்.

"கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போக வழி இருக்குன்னீங்க ஐயா. சொன்ன பேச்சுக்கு இருக்கா?" என்றான். அதற்குப் பிறகு பதுளை வரை ஜன்னல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். ஏதாவது தேவைப்பட்டால் கூப்பிடு என்று என் நம்பரைக் கொடுத்து, கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அதன் பிறகு அவன் அந்த வீட்டுக்கு வரவில்லை. போன் போட்டாலும் எடுப்பதில்லை என்று கோகிலா என்னிடம் சொல்லி அழுதாள். தேர்த் திருவிழா நெருங்கியது. வருசா வருசம் தேர் இழுக்க முன்னால் நிற்பவன் அவன். இந்த முறை வர மாட்டான் என்று தோட்டமே பேசிக்கொண்டது.

திருவிழாவுக்குச் சில நாள் இருக்கும்போது ராஜன் எனக்குப் போன் போட்டான். குரலில் நெருப்பு.

"மறுபடியும் கெட்டுப் போச்சாம் போல. அந்தக் குப்பைய அண்ணி எனக்கே அனுப்பி வச்சிருக்காங்க. நீங்க செஞ்ச வேலையப் பாருங்கன்னு குத்திக் காட்டுறாங்க. இதுக்கு மேல என்ன மரியாத வேணும் ஐயா எனக்கு?"

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. அதை அப்படியே எனக்கு அனுப்பு என்றேன். வந்ததை என் போனில் திறந்தால் அதே ஆங்கில எழுத்துக் குப்பை, இடையிடையே அரைப்புள்ளி. என் கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்தேன். அது கெட்டுப் போன ஃபைல் இல்லை. கோகிலா தன் கைப்படப் புதிதாக டைப் அடித்து அவனுக்கு அனுப்பியது. போனில் தமிழ் அடிக்க அவளுக்குக் கை வராது, கம்ப்யூட்டரில்தான் மனம்விட்டு எழுத வரும். தன் திரையில் அழகான தமிழாக இருந்ததை அப்படியே அனுப்பிவிட்டாள், அவன் போனில் பாமினி ஏது? பட்டும் திருந்தவில்லை. எழுதினதை அனுப்பியிருக்கிறாள், எழுத்தை அனுப்பவில்லை.

ராஜனுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன்.

"ராஜன் தம்பிக்கு. நான் சொன்னது தப்பு. போர்வையில் சுத்தி மடியில் வச்சுக் கொண்டு போன ஆளைப் போய்ச் சந்தேகப்பட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை. தேருக்கு வாங்க. நீங்க வராமல் இந்த வீட்டில் பலகாரம் சுட மாட்டேன். அண்ணி."

வாசித்து முடித்ததும் அவன் கேட்டான்: "நெசமாவே அப்படித்தான் இருக்கா? இல்ல, எங்களச் சேத்து வைக்க நீங்களாச் சொல்றீங்களா?"

எனக்குக் கோபம் வரவில்லை. வேலாயுதம் ஐயா கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. என்னை நம்ப வேண்டாம், எழுத்துருவை அனுப்புகிறேன், நீ வேலை செய்யும் கடையில் உள்ள கம்ப்யூட்டரில் போட்டு நீயே திறந்து பார் என்றேன். அனுப்பிவிட்டுப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சரசு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கடைசியில் போன் வந்தது.

"ஐயா, நீங்க ஒரு வரிய விட்டுட்டு வாசிச்சிருக்கீங்க."

உண்மைதான். விட்டுவிட்டேன். பலகாரத்துக்கு முன்னால் இன்னொரு வரி இருந்தது. அதை அவனே எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்தான்: "அந்தச் சந்தேகம் பிடிச்ச பெரியவர் பேச்சைக் கேட்டு உங்கள் பையைத் திறக்க விட்டேனே, அதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை."

அவன் சிரித்தான். அந்த வீட்டில் அவனைப் பார்த்ததிலிருந்து அவன் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தேருக்கு நானும் போனேன். லுணுகலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, கொழும்பிலிருந்து வந்து சேர்ந்த ராஜன் ரோட்டோரம் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் தோளிலிருந்த பையை இறக்கி, ஜிப்பை முழுவதும் இழுத்து, என் முகத்துக்கு நேரே திறந்து பிடித்தான்.

"பாத்துக்கங்க ஐயா. அண்ணிக்குச் சேலைதான்."

நான் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.